வயிற்றுப் புற்றுநோயும் வம்சாவளியும்

(சங்கத்தின் உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம். உரைக்குப் பின் அங்கத்தினர்கள் கேட்ட கேள்விகளில் சிலவும் அவற்றுக்கான பதில்களும் கடைசியில் தரப்பட்டுள்ளன.)



தலைப்பைக் கேட்டதும் "ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக இதைப் பற்றியா பேசவேண்டும்?" என்று சிலர் காரியதரிசியிடம் கேட்டதாகத் தெரிந்தது. கேட்டதில் தப்பில்லை. நம் வீடுகளில் இந்த நோயின் பெயரைச் சொல்வதே அபசகுனம் என்று நினைக்கிற வழக்கம் உண்டு. "அந்த வியாதி" என்போம், இல்லாவிட்டால் "வயிற்றில் ஏதோ கட்டி" என்று குரலைத் தாழ்த்துவோம். அந்தத் தாழ்ந்த குரலால் என்ன நஷ்டம் என்பதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.எஸ்ஸி. படித்துவிட்டு அரசாங்க உத்தியோகத்தில் முப்பத்தைந்து வருஷம் கோப்பு பார்த்தவன். நாங்கள் படித்த காலத்தில் மெண்டலின் பட்டாணிச் செடிதான் மரபியல், டி.என்.ஏ. என்பது பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கம். ஓய்வுக்குப் பிறகு, குடும்பத்தில் நேர்ந்த காரணத்தால், விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். நான் சொல்வதைக் கேட்டுவிட்டு மருந்து எதுவும் சாப்பிட வேண்டாம். டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் போதும்.

பயம் எவ்வளவு, உண்மை எவ்வளவு?

2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 9 லட்சத்து 68 ஆயிரம் பேருக்குப் புதிதாக இரைப்பைப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் 6 லட்சத்து 60 ஆயிரம் பேர் இறந்தார்கள். ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளில் இது அதிகம். இந்தியாவில் பொதுவாகக் குறைவு. ஆனால் நம் தேசத்துக்குள்ளேயே வித்தியாசம் உண்டு. வடக்கைவிடத் தெற்கில் அதிகம். எல்லாவற்றையும்விட மிசோரத்தில் மிக அதிகம். அங்கே புகையூட்டிய இறைச்சி, புகையிலைப் புகையைத் தண்ணீரில் செலுத்தித் தயாரிக்கும் 'துய்புர்' என்கிற திரவம் ஆகியவற்றை ஆராய்ச்சியாளர்கள் காரணங்களாகச் சொல்கிறார்கள்.

இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பரம்பரைக் காரணம் எதுவும் கிடையாது. பத்தில் ஒருவருக்குக் குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருந்திருக்கும். பிறவியிலேயே வந்த, தெளிவாகப் பெயர் சொல்லக்கூடிய ஒரு ஜீன் கோளாறு என்று பார்த்தால் நூற்றில் ஒன்று முதல் மூன்று பேர்தான். ஆகவே "எங்கள் பாட்டிக்கு இருந்தது, எனக்கும் நிச்சயம்" என்று யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு சரித்திர உதாரணம். நெப்போலியன் 1821இல் செயின்ட் ஹெலீனா தீவில் இறந்தபோது பிரேதப் பரிசோதனையில் இரைப்பையில் புண்ணும் புற்றும் காணப்பட்டது. அவருடைய தகப்பனாரும் 1785இல், நாற்பது வயதுகூட நிரம்பாமல், வயிற்று நோயால்தான் இறந்தார். பரம்பரைப் புற்றுநோய்க்கு இதையே உதாரணமாகக் காட்டி வந்தார்கள். ஆனால் 2007இல் அந்தப் பழைய பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்த மருத்துவர்கள், கிருமியால் வந்த நாள்பட்ட ரணமே காரணமாக இருந்திருக்கலாம் என்றார்கள். ஒரே குடும்பம் என்றால் ஜீன் மட்டும் ஒன்றல்ல. சமையலறையும் ஒன்று, தண்ணீர்ப் பானையும் ஒன்று, கிருமியும் ஒன்று. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

தையற்காரப் பெண்மணி சொன்னது

1895ஆம் வருஷம், அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணம். வார்தின் என்ற நோய்க்கூறு நிபுணர் வீட்டுக்குத் துணி தைத்துக் கொடுக்கும் ஒரு பெண்மணி சோகமாக இருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "என் குடும்பத்தில் எல்லோரும் வயிற்றிலோ, குடலிலோ, கர்ப்பப்பையிலோ புற்று வந்துதான் போகிறார்கள். நானும் அப்படித்தான் போவேன்" என்ற பொருளில் சொன்னார். அப்போது அவருக்கு உடம்பு நன்றாகவே இருந்தது. அவர் சொன்னபடியே, இளவயதிலேயே, கர்ப்பப்பைப் புற்றுநோயால் இறந்தார்.

வேறு ஒருவராக இருந்தால் "மனசு ஒடிந்து பேசுகிறாள்" என்று விட்டிருப்பார். வார்தின் விடவில்லை. அந்தக் குடும்பத்தின் வம்சாவளியை எழுத ஆரம்பித்து 1913இல் வெளியிட்டார். 'ஜி குடும்பம்' என்று மருத்துவ உலகில் பெயர் பெற்றது அதுதான். பின்னால் ஹென்றி லின்ச் என்ற மருத்துவர் அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். இன்று லின்ச் நோய்க்குறி என்று அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் அந்தக் குடும்பத்தில் இருந்த கோளாறு எம்.எஸ்.எச்.2 என்ற ஜீனில் என்று கண்டுபிடித்தார்கள்.

அந்த ஜீனின் வேலை என்ன? அலுவலகத்தில் ஃபேர் காபி எடுக்கும் எழுத்தர் ஒருவர், ஒப்பிட்டுச் சரிபார்ப்பவர் இன்னொருவர் இருப்பார். செல் இரண்டாகப் பிரியும்போது டி.என்.ஏ.யும் நகல் எடுக்கப்படுகிறது. எழுத்துப் பிழைகள் வருவது சகஜம். அவற்றைத் திருத்துகிற சரிபார்ப்பவர்தான் இந்த ஜீன். அவர் சீட்டில் இல்லை என்றால் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். ஒருநாள் அது புற்றாக முடியும்.

இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஆரம்பத் தலைமுறைகளில் அந்தக் குடும்பத்தில் இரைப்பைப் புற்று நிறைய இருந்தது. பிற்காலத் தலைமுறைகளில் அது வெகுவாகக் குறைந்து, பெருங்குடல் புற்று அதிகமாயிற்று. ஜீன் அதேதான், மாறவில்லை. அமெரிக்காவில் பொதுமக்கள் எல்லோருக்குமே அந்தக் காலகட்டத்தில் இரைப்பைப் புற்று குறைந்துகொண்டு வந்தது. குளிர்சாதனப் பெட்டி வந்ததும், உப்பிட்டுப் பதப்படுத்திய உணவு குறைந்ததும், சுகாதாரம் உயர்ந்து வயிற்றுக் கிருமி குறைந்ததும் காரணம் என்கிறார்கள். அதாவது, பிறவியில் வந்த ஜீனை மாற்ற முடியாது. ஆனால் அது எந்த உறுப்பில், எவ்வளவு வேலை செய்யும் என்பதில் நம் வாழ்க்கைக்கும் பங்கு உண்டு.

நியூசிலாந்துக் குடும்பம்

அடுத்த கதை நியூசிலாந்தில், மாவோரி இனத்தைச் சேர்ந்த ஒரு பெரிய குடும்பத்தில் நடந்தது. முப்பது வருஷத்துக்குள் இருபத்தைந்துக்கு மேற்பட்டவர்களை அவர்கள் இரைப்பைப் புற்றுக்குக் கொடுத்தார்கள். இறந்தவர்களில் ஒருவருக்கு வயது 14. சிலர் இதைச் சாபம் என்று நினைத்தார்கள். அந்தக் குடும்பத்தினர் என்ன செய்தார்கள் தெரியுமா? தாங்களாகவே ஆராய்ச்சியாளர்களைத் தேடிப் போனார்கள். "எங்கள் ரத்தத்தைத் தருகிறோம், வம்சாவளியைத் தருகிறோம், காரணத்தைக் கண்டுபிடியுங்கள்" என்றார்கள். ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் பேரி கில்ஃபோர்டும் அவருடைய குழுவினரும் 1998இல் விடையை வெளியிட்டார்கள். சி.டி.எச்.1 என்கிற ஜீனில் கோளாறு.

மாவோரி மக்கள் தங்கள் முன்னோர் பெயர்களைத் தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாகச் சொல்லும் வழக்கம் உள்ளவர்கள். யாருக்கு யார் பிள்ளை, யாருக்கு என்ன வந்தது என்று அவர்களால் சொல்ல முடிந்ததால்தான் ஆராய்ச்சி அவ்வளவு சீக்கிரம் பலித்தது.

சி.டி.எச்.1 ஜீன் 'ஈ-கேடெரின்' என்ற புரதத்தைச் செய்கிறது. செங்கல்லையும் செங்கல்லையும் சிமெண்ட் பிடித்துக்கொள்வது போல, செல்லையும் செல்லையும் ஒட்டிவைப்பது இந்தப் புரதம். நம் எல்லோருக்கும் இந்த ஜீனில் இரண்டு பிரதிகள் உண்டு. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதாகப் பிறந்தாலும் மற்றொன்று சமாளிக்கும். இரைப்பையின் ஏதோ ஒரு செல்லில் இரண்டாவது பிரதியும் பழுதாகும்போது, சிமெண்ட் உதிர்ந்து செல்கள் தனித்தனியே சிதறுகின்றன. இந்த வகைப் புற்று கட்டியாகத் திரளாமல் சவ்வுக்கு அடியில் பரவுகிறது. அதனால் எண்டோஸ்கோப்பியில் பார்த்தாலும் ஆரம்பத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும்.

இதனால்தான் இந்த ஜீன் உறுதியானவர்களுக்கு, நோய் வருமுன்பே இரைப்பை முழுவதையும் எடுத்துவிடும் அறுவைச் சிகிச்சையைச் சிபாரிசு செய்தார்கள். கேட்கவே திகைப்பாக இருக்கிறது. இரைப்பை இல்லாமல் வாழ முடியுமா? முடியும். உணவுக்குழாயை நேராகச் சிறுகுடலோடு இணைத்துவிடுவார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிட வேண்டும், எடை குறையும், ஆயுள் முழுவதும் வைட்டமின் பி12 ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அப்படி எடுத்த இரைப்பைகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது பெரும்பாலானவற்றில் சிறுசிறு புற்றுப் புள்ளிகள் ஏற்கனவே இருந்தன.

ஆனால் விஞ்ஞானம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. முன்பு, இந்தக் கோளாறு உள்ள ஆண்களில் நூற்றுக்கு 70 பேருக்கும் பெண்களில் 56 பேருக்கும் ஆயுளில் இரைப்பைப் புற்று வரும் என்றார்கள். 2019இல் வந்த ஆய்வில் அது 42, 33 என்று குறைந்தது. 2024இல் வந்த ஆய்வில் 7 முதல் 10 வரை என்று இன்னும் குறைந்துவிட்டது. ஏன் இவ்வளவு வித்தியாசம்? முதலில் ஆராய்ந்தவை நோய் மலிந்த குடும்பங்கள். பின்னால் பலருக்கும் பரிசோதனை செய்தபோது, ஜீன் இருந்தும் நோய் வராத பலர் கணக்கில் சேர்ந்தார்கள். ஆகவே அறுவைச் சிகிச்சையா, ஆண்டுதோறும் நிபுணர் கையால் எண்டோஸ்கோப்பியா என்பதைக் குடும்ப வரலாற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். இந்த ஜீன் உள்ள பெண்களுக்கு ஒருவகை மார்பகப் புற்றும் வரக்கூடும் என்பதால் அந்தப் பரிசோதனையும் தேவை.

கோத்திரம் வேறு, ஜீன் வேறு

நம்மவர்கள் பலர் என்னிடம் கேட்பது: "நாம்தான் ஸகோத்திரத்தில் கல்யாணம் செய்வதில்லையே, பரம்பரை வியாதி எப்படி வரும்?"

கோத்திரம் தகப்பனார் வழியில் மட்டும் வருவது. ஆனால் மேலே சொன்ன ஜீன்கள் எல்லாம் அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் சரிசமமாக வருபவை. பழுதான பிரதி ஒன்று இருந்தாலே போதும். அது உள்ளவரின் ஒவ்வொரு குழந்தைக்கும், ஆணோ பெண்ணோ, அது போய்ச்சேரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. காசைச் சுண்டிப் போடுவது மாதிரி. மூத்தவனுக்கு வந்துவிட்டது, இளையவன் தப்பிவிடுவான் என்ற கணக்கு இல்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாகத்தான் சுண்டுகிறோம். வராத குழந்தையிடமிருந்து அதன் சந்ததிக்கும் போகாது. அந்தக் கிளையில் அதோடு முடிந்தது.

உறவுக்குள் கல்யாணம் செய்வதால் வருகிற தொல்லை வேறு ரகம். அங்கே இரண்டு பிரதியும் பழுதானால்தான் நோய். இங்கே அம்மாஞ்சி, அத்தங்கா கல்யாணமே இல்லாத குடும்பத்திலும் ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும்.

இதிலிருந்து ஒரு காரியம் தெரிகிறது. டாக்டர் குடும்ப வரலாறு கேட்டால் நாம் அப்பா, தாத்தா, பெரியப்பா என்று ஒரே வழியைச் சொல்லிக்கொண்டு போகிறோம். அம்மா வழித் தாத்தா, மாமா, சித்தி, கல்யாணமாகிப் போன அத்தை, அவர் பிள்ளைகள் எல்லோரும் அதே அளவு முக்கியம். பெண் புக்ககம் போனால் இன்ஷியல் மாறலாம், ஜீன் மாறாது.

ரத்தப் பிரிவும் சிறு மாறுதல்களும்

இதுவரை சொன்னவை அபூர்வமான, பலமான கோளாறுகள். இவை தவிர, லட்சக்கணக்கானவர்களிடம் சாதாரணமாகக் காணப்படும் சின்னச் சின்ன மாறுதல்களும் உண்டு. எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ரத்தப் பிரிவு. ஏ பிரிவினருக்கு இரைப்பைப் புற்று சற்று அதிகம் என்று 1953லேயே இங்கிலாந்தில் ஏர்டு என்பவரும் கூட்டாளிகளும் எழுதினார்கள். சுமார் ஐந்தில் ஒரு பங்கு அதிகம் என்பது கணக்கு. கேட்டதும் ஏ பிரிவுக்காரர்கள் பதற வேண்டாம். மற்றவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு வரும் என்று வைத்துக்கொண்டால், ஏ பிரிவில் ஆயிரத்துக்குப் பன்னிரண்டு பேர். அவ்வளவுதான். 'இத்தனை மடங்கு' என்று பத்திரிகையில் படிக்கும்போதெல்லாம், 'எதைப்போல இத்தனை மடங்கு?' என்று கேட்டுப் பழக வேண்டும்.

2000ஆம் ஆண்டில் எல்-ஓமர் என்பவர் குழு, வீக்கத்தைத் தூண்டும் இன்டர்லூகின்-1 என்ற பொருளின் ஜீனில் உள்ள மாறுதல்களையும், 2008இல் ஜப்பானியர்கள் பி.எஸ்.சி.ஏ. என்ற ஜீனில் உள்ள மாறுதலையும் இந்த நோயோடு சம்பந்தப்படுத்தினார்கள். இவை ஆராய்ச்சிக்குப் பயன்படும். தனி மனிதர் இவற்றுக்காகப் பணம் செலவழித்துப் பரிசோதனை செய்துகொள்வதில் இன்று பிரயோஜனம் இல்லை.

கிருமியும் ஜீனும் கைகோத்தால்

இன்று நான் சொல்வதில் மிக முக்கியமான பகுதி இது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்று ஒரு கிருமி. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் வாரன், மார்ஷல் என்ற இருவர் இதைக் கண்டுபிடித்தார்கள். அமிலத்தில் கிருமி வாழாது என்று யாரும் நம்பாததால், 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளில் முதல் வகுப்பில் 1994லேயே இந்தக் கிருமியைச் சேர்த்துவிட்டார்கள். இந்தியர்களில் பெரும்பாலோர் சிறுவயதிலேயே இதைப் பெற்றுக்கொள்கிறோம். அவர்களில் மிகச் சிலருக்குத்தான் புற்று வருகிறது. அந்தச் சிலர் யார்?

2023இல் ஜப்பானியர் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்குப் பாதி விடை தருகிறது. இரைப்பைப் புற்று வந்த 10,426 பேரையும் வராத 38,153 பேரையும் எடுத்துக்கொண்டு, 27 ஜீன்களைச் சோதித்தார்கள். ஒன்பது ஜீன்களில் உள்ள கோளாறுகள் இந்த நோயோடு சம்பந்தப்பட்டவை என்று தெரிந்தது. அவற்றில் நான்கு, அறுந்த டி.என்.ஏ.வை ஒட்டுப்போடும் வேலையைச் செய்பவை. மார்பகப் புற்றால் பிரசித்தமான பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 ஆகியவையும் பி.ஏ.எல்.பி.2, ஏ.டி.எம். என்பவையும். (இந்த ஏ.டி.எம்.மில் பணம் வராது!) இந்தக் கோளாறும் இருந்து, கிருமியும் இருந்தால், 85 வயதுக்குள் நோய் வரும் வாய்ப்பு 45.5 சதவிகிதம். கிருமி மட்டும் இருந்து கோளாறு இல்லாவிட்டால் 14.4 சதவிகிதம். கிருமி இல்லாதவர்களுக்கோ, கோளாறு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஐந்து சதவிகிதத்துக்கும் கீழே. ஜப்பானில் நோயே அதிகம் என்பதால் இந்த எண்களை அப்படியே நமக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் பாடம் பொருந்தும். பிறவியில் வந்ததை மாற்ற முடியாது; கிருமியைப் பத்துப் பதினான்கு நாள் மருந்தில் விரட்ட முடியும்.

விரட்டினால் பலன் உண்டா? கொரியாவில் செய்து பார்த்தார்கள். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் யாருக்காவது இரைப்பைப் புற்று இருந்து, தனக்கும் கிருமி இருக்கிற 1,676 பேரைக் கணக்கில் எடுத்து இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும் மறு பாதிக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துச் சுமார் ஒன்பது வருஷம் கவனித்தார்கள். 2020இல் முடிவு வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 10 பேருக்குப் புற்று; சாப்பிடாதவர்களில் 23 பேருக்கு. பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. 'குடும்பத்தில் இருக்கிறது, தலையெழுத்து' என்று சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

எங்கள் குடும்பத்தில் நடந்தது

என் சித்தப்பா 1974இல் 48ஆவது வயதில் இறந்தார். 'வயிற்றில் அல்சர்' என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது. அவருடைய மூத்த பிள்ளைக்கு 2009இல், 55 வயதில், இரைப்பைப் புற்று. கண்டுபிடித்தபோதே முற்றியிருந்தது, ஏழு மாதத்தில் போய்விட்டான். அப்போது அவனுடைய தங்கை பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடும்பப் பெரியவர்கள் கூடி, யார் கேட்டாலும் 'ஹார்ட்' என்று சொல்வது என்று தீர்மானித்தார்கள். அப்படியே சொன்னார்கள். கல்யாணமும் நன்றாகவே நடந்தது.

பல வருஷங்களுக்குப் பின் அந்தப் பெண், புனேயில் இருப்பவள், பிரசவத்துக்குப் பிறகு தனக்கு வந்த வயிற்றுத் தொந்தரவுக்காக டாக்டரிடம் போனாள். குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை. மாமாவுக்கு ஹார்ட்' என்று எழுதிக் கொடுத்தாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தற்செயலாக அவள் அம்மா உடன் இருந்ததால் விஷயம் வெளிவந்தது. பிறகு மீதியிருந்த உடன்பிறப்புகள் நாலு பேரும் எண்டோஸ்கோப்பி செய்துகொண்டார்கள். இரண்டு பேருக்கு அந்தக் கிருமி இருந்தது. மருந்து சாப்பிட்டுக் குணமாயிற்று.

ஜீன் பரிசோதனைக்கும் போனார்கள். அங்கே நிபுணர் சொன்னார்: "நோய் வந்தவரைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். அவரிடம் கோளாறு இன்னதென்று தெரிந்தால், மற்றவர்களிடம் அது இருக்கிறதா இல்லையா என்று ஆணித்தரமாகச் சொல்லலாம்." நோய் வந்தவன் போய்விட்டான். அறுவைச் சிகிச்சை செய்த இடத்தில் மெழுகில் பதித்த திசு இருக்கிறதா என்று கேட்டார்கள். அந்த வருஷத்து மாதிரிகள் இல்லை என்று பதில் வந்தது. நாலு பேருக்கும் சோதித்ததில் ஒன்றும் அகப்படவில்லை. 'ஒன்றும் அகப்படவில்லை' என்பது 'ஒன்றும் இல்லை' என்பதாகாது. ஆகவே குறிப்பிட்ட இடைவெளியில் எண்டோஸ்கோப்பி செய்துகொண்டு வருகிறார்கள். 2009இல் பாதுகாத்து வைத்த ஒரு சொட்டு ரத்தம் இருந்திருந்தால் இந்த நிச்சயமின்மை இல்லை.

நாம் செய்ய வேண்டியவை

தர்ப்பணம் செய்பவர்களுக்குத் தெரியும். அப்பா வழியில் மூன்று தலைமுறை, அம்மா வழியில் மூன்று தலைமுறை, ஆண் பெண் இருபாலார் பெயரும் சொல்கிறோம். மரபியல் நிபுணர் கேட்பதும் அதே மூன்று தலைமுறைதான், இரண்டு வழியும்தான். பெயரும் கோத்திரமும் நமக்குத் தெரிகிறது. எந்த வயதில், எதனால் போனார்கள் என்பது தெரிவதில்லை. ஒரு முழுத்தாளை எடுத்து அந்தப் பெயர்களோடு அவர்களின் உடன்பிறந்தோரையும் சேர்த்து, வயதையும் நோயையும் எழுதுங்கள். 'அல்சர்', 'காமாலை', 'வயிற்றுவலி' என்று அந்த நாளில் சொன்னதை அப்படியே எழுதலாம். எழுபது எண்பது வயதானவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். எழுதியதைப் பிள்ளைகள், பெண்கள் எல்லோருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

பிறகு அந்தத் தாளைப் பாருங்கள். ஒரே வழியில் இரண்டு பேருக்கு இரைப்பைப் புற்று, அல்லது ஒருவருக்கே ஐம்பது வயதுக்கு முன், அல்லது இரைப்பைப் புற்றோடு மார்பகம், குடல், கர்ப்பப்பைப் புற்றுகளும் ஒரே வழியில் இருந்தால், மரபியல் ஆலோசனைக்குப் போவது நல்லது. மும்பை டாடா மெமோரியல், டில்லி எய்ம்ஸ், லக்னோ சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவக் கழகம், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இதற்கான பிரிவுகள் உண்டு. யாராவது இப்போது நோயுற்றிருந்தால், சிகிச்சை நடக்கும்போதே ஜீன் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்த நோய் இருந்தால், உங்கள் ரிஸ்க் மற்றவர்களைப்போல் இரண்டு மூன்று மடங்கு. கிருமி இருக்கிறதா என்று மூச்சுப் பரிசோதனையிலோ மலப் பரிசோதனையிலோ எண்டோஸ்கோப்பியிலோ பார்த்துக்கொள்ளுங்கள். மருந்து சாப்பிட்டவர்கள், முடித்து நாலு வாரத்துக்குப் பிறகு கிருமி போய்விட்டதா என்று மறுபடி பார்ப்பது அவசியம். நம் நாட்டில் பல மருந்துகளுக்கு அது மசிவதில்லை.

கடைசியாக, 'கேஸ் ட்ரபிள்' என்ற ஒரு சொல்லால் நாம் எல்லாவற்றையும் மூடிவிடுகிறோம். பசி குறைவது, இரண்டு கவளத்திலேயே வயிறு நிரம்புவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, கருநிற மலம், விடாத வாந்தி, விழுங்கச் சிரமம் இவற்றில் எது இருந்தாலும் பெருங்காயமும் ஓமமும் போதாது. டாக்டரிடம் போக வேண்டும்.

கேள்வி – பதில்

கேள்வி: நாம் சைவ உணவுக்காரர்கள், புகை, மது கிடையாது. நமக்கு ஏன் வருகிறது?

பதில்: அவை நல்ல பழக்கங்கள்தான், புகை இல்லாதது பெரிய லாபம். ஆனால் கிருமி ஆசாரம் பார்ப்பதில்லை, ஜீனும் பார்ப்பதில்லை. மேலும் வடுமாங்காய், உப்பு நாரத்தங்காய், மோர்மிளகாய், அப்பளம் என்று உப்பில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. உப்பிட்டுப் பதப்படுத்தியதை அளவோடு வைத்துக்கொண்டு, பழம், காய்கறியைக் கூட்டுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் என் பேத்தி எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பி ஜீன் ரிப்போர்ட் வாங்கினாள். எல்லாம் நார்மல். போதுமா?

பதில்: போதாது. அத்தகைய சோதனைகளில் பல, ஜீனின் குறிப்பிட்ட சில எழுத்துக்களை மட்டும் பார்ப்பவை. குடும்ப வரலாறு இருந்தால் மருத்துவர் மூலம் முழு ஜீனையும் வாசிக்கும் சோதனை தேவை. அதிலும் 'அர்த்தம் நிச்சயமில்லாத மாறுதல்' என்று ஒரு பதில் வரலாம். உலகத் தகவல் தொகுப்புகளில் பெரும்பகுதி ஐரோப்பியர்களுடையது என்பதால் இந்தியர்களுக்கு இந்தப் பதில் அதிகம் வருகிறது. அதை நம்பி அறுவைச் சிகிச்சை செய்யமாட்டார்கள். நம் நாட்டில் பத்தாயிரம் பேரின் முழு மரபுத் தொகுதியை வாசித்து 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். இந்தக் குறை போகப்போகத் தீரும்.

கேள்வி: பரிசோதனை செய்துகொண்டால் காப்பீட்டில் தகராறு வராதா?

பதில்: மரபணுக் கோளாறு என்ற காரணத்தை மட்டும் காட்டி மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கையை நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018இல் கம்பெனிகளுக்கு அறிவுறுத்தியது. ஆனாலும் பாலிசியின் நிபந்தனைகளை வரிக்கு வரி படியுங்கள். கேட்ட கேள்விக்கு உண்மையை எழுதுங்கள்.

கேள்வி: அப்படியானால் ஜாதகத்தோடு ஜீன் ரிப்போர்ட்டும் கேட்கலாம் போலிருக்கிறதே?

பதில்: (சபையில் சிரிப்பு.) சிரித்தாலும், நல்ல கேள்வி. கேட்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். நம் ஒவ்வொருவரிடமும் ஏதாவது சில பழுதான ஜீன்கள் இருக்கத்தான் இருக்கின்றன. பழுதே இல்லாத வரன் வேண்டுமென்றால் யாருக்கும் கல்யாணம் நடக்காது. அதோடு, இப்படிக் கேட்க ஆரம்பித்தால் குடும்பங்கள் இன்னும் ஆழமாக மறைக்கும். மறைத்தால் முதலில் பாதிக்கப்படுவது அந்தக் குடும்பத்தின் பெண்களும் பிள்ளைகளும்தான். சம்பந்தியிடம் எவ்வளவு சொல்வது என்பது அவரவர் யோசனை. ஆனால் சொந்தப் பெண்ணிடமும் பிள்ளையிடமும் சொல்லாமல் இருக்க நமக்கு உரிமை இல்லை. அந்த ஜீன் இருந்தால் அது அவர்களுடைய சொத்து. நகையையும் வீட்டையும் எழுதி வைக்கிறோம், இதையும் எழுதி வைப்போம்.